ஒரே தட்டில்

“நான்தானே மேடம் அந்த நோயை அவளுக்குக் கொடுத்தேன்?” என்று கேட்டாள் செண்பகவல்லி.

“ஆமாக்கா. பாதி நீங்க, பாதி உங்க வீட்டுக்காரர்.”

ஆறுதலுக்குப் பொய் சொல்கிற பழக்கம் டாக்டர் யாஸ்மினுக்கு இல்லை. அந்த மரபணு ஆய்வுக்கூடம் அவளுடையது. மாணவி செண்பகவல்லியோ அவளைவிட மூத்தவள். மகள் தேன்மொழியைப் பறிகொடுத்த பிறகு, அது என்ன நோய் என்று தெரியாமல் கண்ணை மூடுவதில்லை என்று படிக்க வந்தவள்.

செல்லுக்குள் சேரும் குப்பையைக் கரைக்க ஒரு நொதி வேண்டும். அதைச் செய்ய வைக்கும் மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதி. ஒன்று பழுதானாலும் மற்றது போதும், குண்டுக்கல் மாதிரி நடமாடலாம். செண்பகவல்லி அப்படித்தான் இருந்தாள். அவள் கட்டிக்கொண்ட தாய்மாமனும் அப்படித்தான். பிள்ளைக்கு இரண்டு பேரிடமிருந்தும் பழுதானதே வந்தது. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று பெரியவர்கள் செய்த கல்யாணம். சொந்தம் விட்டுப்போகவில்லை, பிள்ளைதான் போனாள்.

தேன்மொழியின் தோலில் எடுத்த செல்கள் ஆய்வுக்கூடத்துத் தட்டில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தன. செண்பகவல்லி தினமும் போய்ப் பார்ப்பாள். தொட மாட்டாள். அவற்றுக்கு உணவு மாற்றுவதைக்கூட வேறு ஆளிடம் விட்டுவிடுவாள்.

“என் கை ராசியில்லாத கை மேடம்.”

மரபணு படிக்கிற வாயில் இந்தப் பேச்சு! யாஸ்மின் சிரிக்கவில்லை.

“அந்தக் கையை நீட்டுங்க.”

மரத்துப்போக ஊசி போட்டு, அரிசியளவு தோல் எடுத்துக்கொண்டாள். எதற்கென்று சொல்லவில்லை.

சில வாரம் கழித்து அவளை நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தாள்.

“சிவப்புச் சாயம் ஏத்தினதெல்லாம் தேன்மொழியோடது. பாருங்க.”

சிவப்புச் செல்கள் தெளிவாக இருந்தன. பிதுங்கப் பிதுங்க அடைத்திருந்த குப்பையைக் காணோம்.

“என்ன மருந்து போட்டீங்க?”

“மருந்தெல்லாம் இல்லக்கா. உங்க செல்லையும் அவ செல்லையும் ஒரே தட்டுல வளர்த்தேன். உங்களுது நொதியைச் செஞ்சு வெளிய விட்டுச்சு. அவளுது எடுத்துக்கிச்சு.”

செண்பகவல்லி கண்ணை எடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை அந்தப் பிள்ளையைத் தூக்கினால் போதும் என்றிருந்தது.

“ராத்திரி பகல்னு பார்க்காம மடியிலேயே வெச்சிருந்தேனே மேடம். அப்ப ஏன் எடுத்துக்கல?”

“நடுவுல தோல் இருந்துச்சேக்கா” என்றாள் யாஸ்மின்.