கம்ப்யூட்டரில் இல்லாத யானை

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் மகரபூஷணம். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நெடுங்கரை அரண்மனையில் அவர்தான் கம்ப்யூட்டர் அதிகாரி. நான் காளத்தி, அரண்மனை யானை செண்பகவல்லியின் பாகன். அதுவரை நான் அவருக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. பிறகு செய்தேன், அது வேறு.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு பச்சை யானைப் படம் இருந்தது. அதைத் தட்டினால் சீட்டு வரும். சீட்டைக் கிடங்கில் கொடுத்தால் செண்பகவல்லிக்கு அன்றைய கரும்பு, கொள்ளு, வெல்லம் தருவார்கள். அவ்வளவுதான் வேலை.

மகரபூஷணத்துக்கு அது பொறுக்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு அப்டேட். ஒரு மாதம் பச்சைப் படம் நீலமானது. அடுத்த மாதம் இடது மூலையிலிருந்து வலது மூலைக்குப் போய்விட்டது. அதற்கடுத்த மாதம் பாஸ்வேர்ட் கேட்டது. தலைமைச் சமையல்காரர் மிளகு என்று நினைத்துப் பழைய இடத்தில் தட்டினார். மூன்று மூட்டை சுண்ணாம்போடு திரும்பி வந்தார். மகாராஜாவே தன் கடிதங்கள் எங்கே போயின என்று அரை நாள் தேடினார்.

சித்திரை மாதம் இருந்ததையே மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, புது ஆபரேட்டிங் சிஸ்டம் கொண்டுவந்தார். கூடவே மகாராஜாவிடம் ஓர் ஆணையும் வாங்கிக்கொண்டார்: "இன்றுமுதல் கம்ப்யூட்டரில் இல்லாதது அரண்மனையில் இல்லை."

மறுநாள் போய்ப் பார்த்தேன். குதிரை இருந்தது. பசு இருந்தது. மயில்கூட இருந்தது. யானையைக் காணோம்.

"ஐயா, யானைப் படம் எங்கே?"

"பழசிலேர்ந்து புதுசுக்கு மாத்தும்போது விட்டுப்போச்சுப்பா. ஒரே ஒரு யானைதானே?"

"வயிறும் ஒண்ணுதான் ஐயா. கொஞ்சம் பெரிசு. சேர்த்துடுங்களேன்."

"நினைச்சா சேர்க்கிற சமாசாரமா அது? புதுப் பிராணின்னா அடியிலேர்ந்து மாத்தணும். ஆறு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் அவ என்ன தின்பா?"

"அடுத்த அப்டேட் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு."

சுற்றி நின்ற அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

மகாராஜா வீரகேசரியிடம் போய் முறையிட்டேன். நல்ல மனிதர். ஆனால் போட்ட ஆணையைத் தாண்டமாட்டார். "நானே மீறினா நாளைக்கு யார் மதிப்பாங்க, காளத்தி? மகரபூஷணத்துகிட்டயே இன்னொரு தடவை கேட்டுப் பாரு" என்றார். கேட்டேன். ஆறு மாதம் என்றார்.

பதினோரு நாள் போயிற்று. ஆற்றங்கரையில் தழை வெட்டி வந்து போட்டேன். அது அவளுக்கு எந்த மூலைக்கு? நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் குழிந்துவிட்டது. காலையில் துதிக்கையால் என் கையைத் தடவிப் பார்ப்பாள். வெறுங்கை என்று தெரிந்ததும் விட்டுவிடுவாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். இல்லாத யானையைக் கட்டிவைப்பானேன்?

அவள் நேராக வாய்க்கால் கரைக்குப் போனாள். அங்கேதான் மகரபூஷணத்தின் கரும்புத் தோட்டம். நான் வழி காட்டவில்லை. வழி மறிக்கவும் இல்லை.

மத்தியானம் சபை கூடியபோது மகரபூஷணம் கரும்புச் சக்கையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார்.

"மகாராஜா! செண்பகவல்லி என் தோட்டத்தையே மொட்டை அடிச்சுட்டா! இந்தக் காளத்தியைச் சிறையில போடணும்!"

மகாராஜா என்னைப் பார்த்தார். "என்னப்பா இது?"

"ஐயா எந்த யானையைச் சொல்றார்னு புரியலை மகாராஜா. நம்ம அரண்மனையில யானை கிடையாதே. சந்தேகம்னா கம்ப்யூட்டரைக் கேளுங்க."

மகாராஜாவின் மீசை துடித்தது. "ஆணை நீ கேட்டு வாங்கினதுதானே, மகரபூஷணம்? புகாரைக் கம்ப்யூட்டர்ல ஏத்து. விசாரிக்கிறேன்."

மகரபூஷணம் சபை மூலையிலிருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சேதம் செய்த பிராணி எது என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவர் விரல் குதிரைப் பக்கம் போனது. குதிரைப்படைத் தலைவர் செங்கோடர் எழுந்துவிட்டார்.

"ஓய்! என் குதிரை மேல பழி போட்டீர், விரல் இருக்காது!"

விரல் மயிலுக்கு நகர்ந்தது.

"ரெண்டு ஏக்கர் கரும்பை மயில் தின்னுதா?" என்றார் மகாராஜா. சபையே சிரித்தது.

மகரபூஷணம் வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு டகடகவென்று தட்டினார். வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. யானைப் படம் வந்துவிட்டது. தந்தம் வைத்த படம். செண்பகவல்லிக்குத் தந்தம் கிடையாது. பரவாயில்லை, அதற்கு நான் சண்டை போடவில்லை.

"ஆறு மாசம் ஆகும்னு சொன்னியாமே?" என்றார் மகாராஜா.

மகரபூஷணம் காதில் விழாததுபோல் புகாரை ஏற்றினார். கம்ப்யூட்டர் 'டொய்ங்' என்றது. சிவப்பாக என்னவோ எழுத்து வந்தது. அவர் முகம் செத்துவிட்டது. மகாராஜாவே எழுந்து வந்து உரக்கப் படித்தார்:

"சேதம் நடந்தது காலையில். யானை பதிவானது மத்தியானம். புகார் செல்லாது."

கிரீடம் நழுவும்படி சிரித்தார் மகாராஜா. எனக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார். செண்பகவல்லிக்கு ஒரு மூட்டை வெல்லம் கொடுத்தார். அன்றே தீனிச் சீட்டும் வந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. "மகாராஜா, அந்தப் பதினோரு நாள் தீனி?" என்று கேட்டேன்.

மகரபூஷணம் துள்ளி எழுந்தார். "அப்போ யானையே இல்லையே மகாராஜா! கம்ப்யூட்டரே சொல்லிடுச்சே!"

"அதுவும் சரிதான்" என்று மறுபடி சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார் மகாராஜா.

அவருக்குச் சரி. எனக்குச் சரியில்லை. தோட்டத்தில் தின்றதை நியாயமாக இரண்டு நாள் தீனி என்று கழித்துவிட்டேன். மீதி ஒன்பது நாள் மகரபூஷணம் தரவேண்டும். அவர் மறுபடியும் கரும்பு நட்டிருக்கிறார். இப்போது இடுப்பு உயரம் வந்திருக்கிறது.