பொன்னரசி அம்மை குடித்த தண்ணீர்

"எல்லாரும் நம்பறாங்க. நீங்க மட்டும் ஏம்மா நம்ப மாட்டேங்கறீங்க?"

கேட்டவர் அருஞ்சுனை. டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு.

அவர் கேட்டது பொன்னரசி அம்மையிடம். அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். இப்போது ஊர் எல்லையில் சின்னதாக ஒரு மடம். நான்கு வருடமாக அருஞ்சுனை அவருக்குச் சீடர்.

"எதை நம்பலை அண்ணாச்சி?"

"ஊருக்குப் புதுசாக் கட்டுன தொட்டித் தண்ணியிலே மறதி மருந்து கலக்கறாங்கங்கறதை."

"யார் கலக்கறாங்க?"

"மேலே உள்ளவங்க."

"எதுக்கு?"

"நாம கேள்வி கேட்க மறந்துரணும்லா. அதுக்குத்தான்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தொட்டிக்குக் காவல் போட்டிருக்காங்கம்மா. ஒளிக்க ஒண்ணும் இல்லேன்னா காவல் எதுக்கு?"

அம்மை மறுத்துப் பேசவில்லை. மருந்து என்ன நிறம், எந்தக் கிழமை கலக்கிறார்கள், வாசனை உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். பதில் சொல்லச் சொல்ல அருஞ்சுனை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இப்போது சாயங்காலம் டீக்கடைக்குப் போனால் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். பெஞ்சில் நடு இடத்தை அவருக்கென்று விட்டு வைக்கிறார்கள்.

"வீட்டுல குடிக்க எந்தத் தண்ணி?"

"செங்கல் சூளைக் கிணத்துத் தண்ணி. இசக்கி கொண்டு வருவா."

இசக்கி அவர் மனைவி.

"சூளை ரெண்டு கிலோமீட்டர் இருக்குமே. அவங்களுக்கு முட்டுவலின்னு சொன்னீங்களே."

"மறந்து போறதுக்கு வலி தேவலைம்மா."

அம்மை எழுந்தார்.

மடத்தில் அதுவரை சேமித்து வைத்த மழைத் தண்ணீர்தான் குடிப்பது. புதுத் தொட்டித் தண்ணீர் வரும் வாசல் குழாயை அம்மை திறந்ததே இல்லை. அன்று திறந்தார். ஒரு சொம்பு பிடித்து மடமடவென்று குடித்தார். இன்னொரு சொம்பு பிடித்து அதையும் குடித்தார்.

"அம்மா! அம்மா!" அருஞ்சுனை ஓடிவந்து சொம்பைப் பிடுங்கினார். அது காலியாக இருந்தது.

அம்மை வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக் காலையிலே வந்து என் பேரைக் கேளுங்க."

விஷயம் டீக்கடைக்குப் போனது. இசக்கிக்கும் போனது. அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் அருஞ்சுனை சட்டையை மாட்டினார். "நானும் வாரேன்" என்றாள் இசக்கி.

"நீ வந்தா தண்ணி யாரு எடுக்கது?" என்று அவர் மட்டும் கிளம்பினார்.

அம்மை மடத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்க பேரென்ன?"

அம்மை விளக்குமாற்றை நிறுத்தினார். அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரு? எந்த ஊரு?"

அருஞ்சுனை ஒரு துள்ளு துள்ளினார்.

"நான் சொன்னேம்லா! அப்பவே சொன்னேம்லா!"

திரும்பி ஓடினார். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதை எடுக்கக்கூட நிற்கவில்லை.

"அருஞ்சுனை அண்ணாச்சி!"

நின்றார். அம்மை அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலை. என் பேரு பொன்னரசி."

"பின்னே ஏம்மா அப்படிக் கேட்டீங்க?"

அம்மை செருப்பை அவர் காலடியில் போட்டார்.

"எங்கே ஓடுறீங்க?"

"கடைக்கு. எல்லார்கிட்டயும் சொல்லணும்லா."

"ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

அருஞ்சுனையின் கை கிழக்கே நீண்டது.

அவர் ஓடியது மேற்கே, டீக்கடைப் பக்கம்.

கையை இறக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. அம்மை வாசலுக்குப் போய், விட்ட இடத்திலிருந்து பெருக்கத் தொடங்கினார்.

டீக்கடையில் அன்று காலையிலேயே கூட்டம்.

"என்ன ஆச்சு? பேரைச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. நல்லா இருக்காங்க."

நாற்பது முகமும் தொங்கிப் போயின.

"ஒரே நாள்ல தெரியாது" என்றார் ஒருவர்.

"அந்தம்மாவும் அவங்க ஆளா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

பெஞ்சில் நடு இடம் காலியாகத்தான் இருந்தது. அருஞ்சுனை உட்காரவில்லை. சூளைக்குப் போகும் பாதையில் வேகமாக நடந்தார்.

இசக்கி பாதி தூரம் போயிருந்தாள். காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து நடந்துகொண்டிருந்தாள்.

"நில்லு இசக்கி."

அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை. பேரைச் சரியாச் சொல்லிட்டாங்க."

இசக்கி பாதையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் மலரச் சிரித்தாள்.

"அப்பாடா! நல்லவேளை, நீங்க சொன்னது பொய்யாப் போச்சு."