நூறில் வைத்தும் இருட்டு

"நூறுல வச்சிட்டேன் மேடம். அதுக்கு மேல வெளிச்சமே கிடையாது. இருந்தும் திரை கருப்பாவே கெடக்குது. இந்த லேப்டாப் செத்துப்போச்சு" என்றார் கலியபெருமாள்.

விழுப்புரத்தில், கணினிக்கான இயங்குதளம் ஒன்றை எழுதி ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கும் சின்னக் கூட்டம் அது. உள்ளே பேச்சு குறைவு என்பதால் அக்கம்பக்கத்தார் மடம் என்று கேலி செய்வார்கள். மடத்துக்குக் குரு பிலோமினா. பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த சிஷ்யர் கலியபெருமாளின் மகள் வயதுதான் குருவுக்கு இருக்கும்.

திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவர் நிரல் கலியபெருமாளின் பொறுப்பு. போன மாதம் அவர் அனுப்பிய அப்டேட்டுக்குப் பிறகுதான் இந்த லேப்டாப் இருண்டது. இதன் சொந்தக்காரர் தையல்நாயகி. கோர்ட் வாசலில் மனு டைப் அடித்துக் கொடுத்துப் பிழைப்பவர். பிழைப்பே நின்றுபோய், அழுகையை அடக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

சாயந்திரம் அடுத்த அப்டேட் போகிறது. அதற்குள் சரியாகாவிட்டால் இந்த மாடலையே கைகழுவிவிடலாம் என்பது கலியபெருமாளின் யோசனை.

பிலோமினா செல்போன் டார்ச்சைப் போட்டு, கருப்புத் திரைமேல் சாய்த்துப் பிடித்தார்.

மங்கலாக எழுத்துகள் தெரிந்தன.

"ஐயோ, நான் அடிச்ச மனு!" தையல்நாயகி எழுந்தே விட்டார்.

"உயிர் இருக்கு சார்" என்றார் பிலோமினா.

"ஆனா நூறுல இருக்குதே மேடம். இனிமே எங்க போறது?"

"நீங்களே சொல்லுங்க. எங்க போகலாம்?"

கலியபெருமாளுக்குள் குறுகுறுப்பு. மேலே போக வழியில்லை. சும்மா பார்ப்போமே என்று, ஒயர் போட்டு இணைத்திருந்த தன் லேப்டாப்பிலிருந்து பூஜ்யத்தை அனுப்பினார். இருட்டில் கிடப்பதைப் போய் இன்னும் இருட்டாக்குகிறோமே என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

தையல்நாயகியின் திரை பளீரென்று எரிந்தது.

"தலைகீழா இருக்குது மேடம்! இதுக்குப் பூஜ்யம்தான் முழு வெளிச்சம்!"

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நூறிலிருந்து கழித்து அனுப்பு என்று ஒரே ஒரு வரி எழுதினார்.

"இந்த மாடலுக்கு மட்டுமா சார்?"

"எல்லாத்துக்கும்தான். ஆளுக்கொரு விதி வச்சா பார்க்கவே அசிங்கம். போன மாசமும் அதையெல்லாம் தூக்கிட்டு ஒரே விதியாக்கினேன். எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா?"

"சரி. மடத்து வழக்கம்?"

எழுதியவர் முதலில் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் வழக்கம்.

"போன மாசமும் பார்த்தேனே, ஜம்முன்னு ஓடுச்சு" என்றபடி கலியபெருமாள் புது வரியைத் தன் லேப்டாப்பில் போட்டார்.

நூறில் பளிச்சென்றிருந்த அவருடைய திரை இருண்டது.

வெளிச்சம் கூட்டும் பட்டனைத் தட்டினார். இன்னும் தட்டினார். அசையவில்லை. மனிதருக்கு வேர்த்துவிட்டது.

"என்ன மேடம் இது, என்னுது நல்லாத்தானே இருந்துச்சு!"

பிலோமினா தையல்நாயகியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவங்களுதும் நல்லாத்தான் இருந்துச்சு, சார்."