பதினைந்து நாள் பொறுக்கச் சொன்னவர்

கல்குவாரியை மூடவேண்டும் என்று ஏழு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அதற்குத் தலைவர் பொன்னுரங்கம். வயது அறுபத்தொன்று. அவருடைய குருவான செங்கமலத்தம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடத்தை அந்த அம்மாள் நடத்திவந்தார். ஊரில் சிலருக்கு இது வேடிக்கையாக இருந்தது. பொன்னுரங்கம் கண்டுகொள்வதில்லை.

அன்று மத்தியானம் அவர் மடத்துக்கு ஓடி வந்தார். அந்த வயதில் ஓடக்கூடாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"அம்மா, காத்தமுத்து இங்க வந்தானா?"

"வந்தாரு. உள்ள சாப்பிட்டுனு இருக்காரு."

"எழுந்து ஓடச் சொல்லுங்க. பின்பக்கமா மலை ஏறிடட்டும். ஆளுங்க வராங்க. கையில கம்பு இருக்குது."

"யாரு ஆளுங்க?"

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "நம்ம ஆளுங்கதான்."

காத்தமுத்துவும் அந்தக் குழுவில்தான் இருந்தார். குவாரி வழக்குக்காக இருவரும் பதினொரு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள். ஒரே பஸ், ஒரே சோற்றுப் பொட்டலம். முந்தாநாள் கூட்டத்தில் இருவருக்கும் பேச்சு தடித்தது. பொன்னுரங்கம் எல்லார் முன்னாலும் அவரைத் துரோகி என்றார். கூட்டம் கைதட்டியது. கைதட்டல் விழும்போது யாருக்குத்தான் நிறுத்தத் தோன்றும்? அதையே மறுநாள் தன் குரலில் பதிவு செய்து, மைக் கட்டிய ஆட்டோவில் ஏழு ஊருக்கும் அனுப்பிவைத்தார்.

இன்று காலை காத்தமுத்துவின் வைக்கோல்போர் எரிந்தது.

"மொதல்ல அந்த ஆட்டோவ நிறுத்துங்களேன்" என்றார் செங்கமலத்தம்மாள்.

"நாலு தடவ போன் பண்ணிட்டேம்மா. அந்தச் சத்தத்துல டிரைவருக்குக் காதுல விழல போல."

தூரத்தில், ஏரிக்கரைப் பக்கம் அந்தக் குரல் கேட்டது. நல்ல குரல். மேடைக்கென்றே வாய்த்த குரல். "கூடவே இருந்து குழிபறித்த துரோகியை அடையாளம் காணுங்கள்! நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரை விலைபேசிய துரோகியை..." பொன்னுரங்கம் தன் குரலுக்கே காதைப் பொத்திக்கொண்டார்.

செங்கமலத்தம்மாள் படியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கூட்டத்துக்கு நான் வரல. காத்தமுத்து அங்க என்ன சொன்னாரு?"

"அதுக்கெல்லாம் இப்ப நேரம் இல்லம்மா."

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் விட்டுட்டு, மத்ததச் சொல்லுங்க."

"அவன் வெலபோயி..."

"அது அந்த வார்த்தையோட தம்பி. அதையும் விடுங்க."

"போராட்டத்த காட்டிக்கொடுக்கப் பாத்து..."

"அது தங்கச்சி."

பொன்னுரங்கம் திணறினார். நாற்பது வருஷமாக மேடையில் பேசுகிறவருக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. ஆட்டோ ஏரிக்கரையை விட்டு இந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று சத்தத்திலேயே தெரிந்தது.

"வர்ற திங்கக்கிழம ரோட்ட மறிக்கணும்னு நான் சொன்னேன்" என்று மெதுவாக ஆரம்பித்தார். "மல்லாட்டைக் கொடி பிடுங்குற நேரம், சனங்க எல்லாம் கடலக் கொல்லையில கெடப்பாங்க, கூட்டம் சேராது, பதினஞ்சு நாள் பொறுத்து மறிக்கலாம்னு அவன் சொன்னான்."

"மறிக்கவே வேணாம்னாரா?"

"இல்ல."

"குவாரி இருந்துட்டுப் போவட்டும்னாரா?"

"அய்யோ, இல்லம்மா. அவன் கெணறுந்தான வத்திப்போச்சு."

"அப்ப உங்களுக்கும் அவருக்கும் நடுவுல இருக்கறது என்னா?"

பொன்னுரங்கம் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது.

"பதினஞ்சு நாள்" என்றார்.

"வராங்க இல்ல, அவங்ககிட்டயும் இப்படியே சொல்லுங்க. பதினஞ்சு நாள் பொறுக்கச் சொன்னவர அடிக்கவா இத்தன பேரு வந்தீங்கன்னு கேளுங்க."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்குந்தான்" என்றார் அவர். புடவைத் தலைப்பைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

கை கழுவிய ஈரத்தோடு காத்தமுத்து உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். பொன்னுரங்கத்தை நேராகப் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினார்.

"போவாத ரங்கம். அவனுங்க கேக்கற நெலமையில இல்ல."

பொன்னுரங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

நாற்பது பேர் இருப்பார்கள். பின்னால் ஆட்டோ. முன்னால் வந்தவன் வடமலை, பொன்னுரங்கத்துக்காக ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டுகிறவன்.

"தலைவரே வந்து நிக்கறாரு, ரெக்கார்ட நிறுத்துங்கடா!"

யாரோ பென் டிரைவைப் பிடுங்கினார்கள். திடீரென்று அமைதியானது.

பொன்னுரங்கம் சொன்னார். மல்லாட்டையைப் பற்றி, பதினைந்து நாளைப் பற்றி, காத்தமுத்துவின் கிணற்றைப் பற்றி. கைதட்டல் வாங்குகிற மாதிரி ஒரு சொல்கூட அதில் இல்லை. பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் கம்பைத் தரையில் ஊன்றினார்கள்.

"எங்க வூட்டுக்காரியும் அதையேதான் சொல்லினு இருக்கா" என்றார் ஒருவர்.

வடமலை திரும்பி அவரைப் பார்த்தான். வேறு நாலு பேரும் திரும்பினார்கள். அவர் அவசரமாகக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டார்.

"தலைவரே" என்றான் வடமலை. "நேத்து வரைக்கும் ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா? குவாரிக்காரன் உங்களையும் வந்து பாத்தானா?"

முணுமுணுப்பு எழுந்தது. பொன்னுரங்கம் முகங்களைப் பார்த்தார். எல்லாம் தெரிந்த முகங்கள். பாதிப்பேர் கல்யாணத்தில் அவர் தாலி எடுத்துக் கொடுத்திருக்கிறார். இப்போது ஒருவர்கூட அவரைத் தெரிந்தமாதிரி பார்க்கவில்லை.

"உங்கள சந்தேகப்படல" என்றான் வடமலை, குரலைத் தணித்து. "இங்க நின்னு ஒரே ஒரு தடவ, அவன் துரோகின்னு சொல்லிடுங்க. எங்களுக்கு அது போதும். நீங்க ஒதுங்கி நின்னுக்கலாம். சொல்லலேன்னா..."

மீதியை அவன் சொல்லவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

பொன்னுரங்கம் திரும்பிப் பார்த்தார். செங்கமலத்தம்மாள் கதவருகே வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் காத்தமுத்துவின் வேட்டி தெரிந்தது.

"அம்மா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

"முந்தாநேத்து யாரும் கேக்காமலே சொன்னீங்க" என்றார் செங்கமலத்தம்மாள். "இன்னிக்குக் கேக்கறாங்க. சொல்லாம நின்னு பாருங்க."

வடமலை ஒரு படி ஏறினான்.

"சொல்லுங்க தலைவரே."

பொன்னுரங்கம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். வாயைத் திறக்கவில்லை.