கூழாங்கல்லுக்குக் கிடைத்த மாலை

ஆவாரங்காட்டு ஏரிக்கரையில் வடிவு என்றொரு கீரி இருந்தாள். சுறுசுறுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாய்ச்சவடாலிலும் ஆளில்லை!

அந்தக் கரையில் ஒரு பழைய பங்களா. ஒரு காலத்தில் துரைமார் அங்கே வந்து தங்குவார்கள், துப்பாக்கியால் பறவைகளைச் சுடுவார்கள். சுட்ட பறவை தண்ணீரில் விழுந்தால் நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வர ஒரு ஜாதி நாய் வளர்த்தார்கள். தொங்கு காது, தேன் நிற ரோமம். ஆனால் அதற்குப் பெருமையெல்லாம் வாயில்தான். ஓர் இறகுகூடக் கசங்காமல் பறவையைக் கொண்டுவந்து காலடியில் வைக்கும்.

துரைமார் போய்விட்டார்கள். நாய்கள் தங்கிவிட்டன. வேலை இல்லாமல் எத்தனை நாள் காதைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது? கடைசியில் பறவைகளே வந்து கேட்டன.

"மழைக்காலத்துக் காற்றில் எங்க குஞ்சுங்க கூட்டிலேருந்து ஏரியில விழுந்துடுது. உங்களுக்குத்தான் மெத்துன்னு வாய் இருக்கே! தூக்கிக் கரை சேர்க்கக் கூடாதா?"

நாய்கள் சரி என்றன. அன்று முதல் ஆவாரங்காட்டில் அதுவே அவர்கள் தொழிலாயிற்று.

குட்டி வளர்ப்பதிலும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. தாயிடமே வளர்ந்தால் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுவாள் என்று, பால் மறந்த குட்டிகளைக் காட்டு மிருகங்களிடம் வளர்க்கக் கொடுப்பார்கள். கார்த்திகை மாதம் புல்வெளியில் போட்டி நடக்கும். நிற்கிற அழகு, நடை, பல், ரோமம் எல்லாம் பார்ப்பார்கள். கடைசியில் முட்டைப் பரீட்சை. வாயில் ஒரு முட்டையை வைத்துக்கொண்டு புல்வெளியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். முட்டையில் கீறல் விழக் கூடாது. ஜெயித்த குட்டிக்குத் தாமரை மாலை. கூடுகள் நெருக்கமாக இருக்கும் கிழக்குக் கரையும் அதன் காவலுக்கு வரும்.

அந்த வருஷம் வடிவு தலைகீழாக நின்று ஒரு குட்டியை வாங்கிவந்தாள். பெயர் துரைக்கண்ணு. அவனுடைய தங்கை ராசாத்தியை முயல் பொன்னுசாமி வாங்கிப் போனான்.

"பாரேன், பொன்னுசாமி! என் பிள்ளைதான் மாலை போட்டுக்கப் போறான்!" என்றாள் வடிவு.

"போட்டுக்கட்டும் அக்கா, யாரு போட்டா என்ன?" என்றான் பொன்னுசாமி. அந்தப் பதில் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

துரைக்கண்ணு கெட்டிக்காரன். நாலு காலையும் சமமாக ஊன்றி நிற்க இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். வால் நேராக நின்றது. ரோமத்தை வடிவு தினமும் காலையில் முள்ளால் கோதி, மாலையில் நாக்கால் நீவி, பளபளவென்று வைத்திருந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். "யாரு வளர்ப்பு?" என்று கேட்டார்கள். வடிவுக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தது முட்டைப் பயிற்சி. பயிற்சிக்குக் காட்டுக்கோழி கூழ்முட்டை கொடுப்பாள். குஞ்சு பொரிக்காமல் அழுகிப்போன முட்டை. முதல் முட்டை துரைக்கண்ணுவின் வாயில் உடைந்தது. அம்மாடி, என்ன நாற்றம்! அது மூக்கில் ஏறியது, தாடையில் வழிந்தது, நெஞ்சு ரோமத்தில் திட்டுத் திட்டாக ஒட்டியது. வடிவு ஏரிக்கும் கரைக்குமாக நடந்து கழுவிக் கழுவி அலுத்துப்போனாள். இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவதும் உடைந்தது. மூன்று நாள் அவர்கள் பக்கமே யாரும் வரவில்லை. பார்க்க வந்த மான்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டது.

எல்லாக் குட்டிக்கும் அப்படித்தான். இருபது, முப்பது முட்டை உடைந்த பிறகுதான் எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்தலாம் என்று வாய்க்குப் புரியும். பொன்னுசாமியின் வளையிலிருந்து வந்த நாற்றத்தில் ஈயெல்லாம் அங்கே குடியேறியிருந்தது!

வடிவுக்கு அது பொறுக்கவில்லை. இத்தனை பாடுபட்டு நீவிய ரோமமாயிற்றே! ஓடைக்குப் போனாள். முட்டை போலவே வழுவழுவென்று ஒரு வெள்ளைக் கூழாங்கல்லைப் பொறுக்கி வந்தாள்.

"அத்தை, இது என்ன?" என்றான் துரைக்கண்ணு.

"மலைக்கோழி முட்டைடா கண்ணு. ஓடு கொஞ்சம் கெட்டி."

பால்மணம் மாறாத குட்டி, என்ன தெரியும் அவனுக்கு? நம்பினான். ஆனால் கல் வழுக்கியது. மெத்தென்று பிடித்தால் நழுவி விழுந்தது.

"கெட்டியாப் பிடி! பல்லு பதியணும்! நழுவ விட்டியோ, அவ்வளவுதான்!" என்று வடிவு அதட்டினாள். அவன் இறுக்கிப் பிடித்தான். "அப்படித்தான் என் ராசா!" என்று கொஞ்சினாள். இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

கார்த்திகை வந்தது. புல்வெளியில் நிற்க இடமில்லை. நடுவர் நாமக்கோழி. நெற்றியில் வெள்ளைப் பட்டை, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. துரைக்கண்ணுவைச் சுற்றிச் சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார். காதைத் தூக்கிப் பார்த்தார்.

"ம்... நல்ல வளர்ப்பு," என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது.

முட்டைப் பரீட்சை. முட்டையைக் குட்டியின் வாயில் வைப்பதும், கடைசியில் எடுத்துக் கொடுப்பதும் வளர்த்தவர் வேலை. நாமக்கோழி முட்டையைக் கொடுத்தார். வடிவு வாங்கினாள்.

"கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திற, கண்ணு!"

கீரியின் கை வேகம் யாருக்கு வரும்? முட்டை அவள் அக்குளுக்குள் போயிற்று. கூழாங்கல் அவன் வாய்க்குள் போயிற்று. துரைக்கண்ணு நிமிர்ந்து நடந்தான். அந்தக் கோடியில் வடிவு அவன் வாய்க்குள் கையை விட்டாள், வெளியே எடுத்தாள், நாமக்கோழியிடம் நீட்டினாள். முட்டை!

"ஒரு கீறல்கூட இல்லை!" என்றார் நாமக்கோழி.

ராசாத்தி கொண்டுவந்த முட்டையில் மயிரிழை போல ஒரு கீறல் இருந்தது. மாலை துரைக்கண்ணு கழுத்தில் விழுந்தது. காடே ஆரவாரம் செய்தது. பொன்னுசாமி ஓடிவந்து, "அக்கா, சாதிச்சிட்டீங்க!" என்று வாயாரச் சொன்னான். அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க வடிவுக்குக் கூசியது. எங்கேயோ பார்ப்பது போல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

'நாளையிலிருந்து முட்டையை வைத்தே பழக்கிவிடலாம்' என்று நினைத்தாள். விடிந்ததும் மான் கூட்டம் விருந்துக்குக் கூப்பிட்டது. மறுநாள் அணில்கள் வந்து துரைக்கண்ணுவைப் பார்த்துவிட்டுப் போயின. விருந்துக்குப் போகிற பிள்ளையை நாற வைக்க முடியுமா? அப்படி இப்படி என்று பத்து நாள் ஓடிப்போயிற்று.

பதினோராம் நாள் விடிந்ததும் காற்று கிளம்பியது. கிழக்குக் கரை மரங்கள் தலையை விரித்துப் போட்டு ஆடின. நாரை பூவாயியின் கூடு சரிந்தது. குஞ்சு ஏரியில் விழுந்தது!

"ஐயோ! என் பிள்ளை! யாராவது வாங்களேன்!" என்று பூவாயி கதறினாள்.

"துரைக்கண்ணு எங்கே?" என்று கத்தினார் நாமக்கோழி.

துரைக்கண்ணு ஏற்கெனவே தண்ணீருக்குள் முன்காலை வைத்துவிட்டான். வடிவு கரை விளிம்புக்கு ஓடினாள். 'நிறுத்து, ராசாத்தியைக் கூப்பிடுங்கள்' என்று சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. சொன்னால், "ஏன்?" என்று கேட்பார்களே! வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். 'ஒருவேளை சரியாகவே தூக்கிவிடுவானோ என்னவோ' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

என்ன அழகாக நீந்தினான்! அலையை நெஞ்சால் பிளந்துகொண்டு போனான். குஞ்சை எட்டினான், கவ்வினான். குஞ்சு பயத்தில் துள்ளியது. நழுவ விடக் கூடாது! அத்தை சொல்லிக் கொடுத்தபடியே பல் பதியப் பிடித்தான்.

கரைக்கு வந்து குஞ்சைப் பூவாயியின் காலடியில் வைத்தான். வாலை ஆட்டிக்கொண்டு நின்றான், பாராட்டுக்கு.

குஞ்சு உயிரோடுதான் இருந்தது. ஆனால் இடது இறக்கை இரண்டு இடத்தில் முறிந்து தொங்கியது. பூவாயி வீறிட்டாள்.

"கடிச்சிட்டான்! என் பிள்ளையைக் கடிச்சிட்டான்!"

கரை கொதித்தது. "வெறி பிடிச்ச நாய்!" என்றது ஒரு கொக்கு. "இதெல்லாம் ஒரு ஜாதி நாயா? காட்டை விட்டு விரட்டுங்க!" என்றது இன்னொன்று. மண்ணாங்கட்டி ஒன்று பறந்துவந்து துரைக்கண்ணுவின் காதில் பட்டது. அவன் வால் ஆடுவதை நிறுத்தியது.

நாமக்கோழி முன்னே வந்தார். "குஞ்சைக் கடிக்கிற நாய்க்கு இந்தக் கரையில் இடமில்லை. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இவன் காட்டு எல்லையைத் தாண்டணும்," என்றார்.

துரைக்கண்ணு எல்லார் முகத்தையும் பார்த்தான். பிறகு வடிவைப் பார்த்தான்.

"அத்தை, அன்னைக்கு முட்டையை உடைக்காமத்தானே கொண்டுவந்தேன்? அதே மாதிரிதானே இன்னைக்கும் பிடிச்சேன்? கொஞ்சம்கூட அதிகமா அழுத்தலை, அத்தை! நீங்களே சொல்லுங்களேன். எனக்கு என்ன ஆச்சு?"

வடிவுக்கு நிலத்தில் வளை தோண்டி உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தோண்டத் தெரியாதவளா அவள்? ஆனால் அவன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். தன் வாய்மேலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்பது அந்தக் கண்ணில் தெரிந்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகலைடா," என்றாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். இன்னொரு முறை உரக்கச் சொன்னாள். "அவனுக்கு ஒண்ணும் ஆகலை! குத்தம் என்னோடது! அவன் அன்னைக்குக் கொண்டுவந்தது முட்டையே இல்லை. கூழாங்கல்லு! நான்தான் மாத்தி வெச்சேன். இரண்டு மாசமாக் கல்லைக் கொடுத்து, இதுதான் முட்டைன்னு அவன்கிட்டயும் பொய் சொன்னேன். கெட்டியாப் பிடின்னு சொன்னதும் நான்தான். அவன் சொன்னதைக் கேட்ட பிள்ளை!"

பொன்னுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஏன் அக்கா?" என்றான் பொன்னுசாமி. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நாத்தம் பொறுக்கலை, பொன்னுசாமி. ரோமம் கெட்டுப்போகும்னு பார்த்தேன். அவ்வளவுதான்." சொல்லும்போதே அந்தக் காரணம் எவ்வளவு அற்பம் என்று அவளுக்குத் தெரிந்தது. முறிந்த இறக்கையோடு குஞ்சு எதிரே கிடந்தது.

நாமக்கோழி துரைக்கண்ணுவின் தண்டனையை அந்த இடத்திலேயே ரத்து செய்தார். மாலை ராசாத்திக்குப் போயிற்று. வடிவிடம் இனி யாரும் குட்டி கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. அவள் தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

துரைக்கண்ணு அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. பொன்னுசாமியிடம் போய், "மாமா, உங்ககிட்ட கூழ்முட்டை இருக்கா?" என்று கேட்டான். அன்றே அங்கே போய்விட்டான். காற்று திசை மாறும்போது அழுகல் நாற்றம் வடிவின் வளைக்கு வரும். அவள் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை.

பங்குனியில் ஏரி வற்றியது. நாரைகள் கூட்டம் கூட்டமாக வேறு நீர்நிலை தேடிப் பறந்தன. பூவாயியின் குஞ்சுக்கு இறக்கை கோணலாகக் கூடியிருந்தது, பறக்க முடியவில்லை. பூவாயியும் போகவில்லை. ஏரியில் நத்தை அருகிவிட்டது. வடிவு சேற்றில் இறங்கி, தன் ரோமமெல்லாம் அப்பிக்கொள்ள, தினமும் நத்தை தேடிப் பொறுக்கி வந்து குஞ்சின் முன்னால் வைத்தாள். பூவாயி அவளோடு பேசுவதில்லை. வைத்துவிட்டுப் போ என்பது போல அந்தப் பக்கம் திரும்பி நிற்பாள்.

ஒருநாள் குஞ்சு நத்தையை விழுங்கிவிட்டு, "அத்தை, யாரும் எனக்கு இவ்வளவு செய்ய மாட்டாங்க. காட்டிலேயே நீங்கதான் ரொம்ப நல்லவங்க!" என்றது. அது விழுந்த நாளின் சங்கதி அதற்கு நினைவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

வடிவு திடுக்கிட்டுப் பூவாயியைப் பார்த்தாள். அன்றுதான் பூவாயி முதல் முறையாக இந்தப் பக்கம் திரும்பி, வடிவு என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்தாள்.

"நல்லவ இல்லை, கண்ணு," என்றாள் வடிவு. "உன் இறக்கை எப்படி முறிஞ்சுதுன்னு சொல்றேன், கேளு." குஞ்சின் முன்னால் சேற்றிலேயே உட்கார்ந்து, கூழாங்கல்லிலிருந்து ஆரம்பித்தாள்.

கற்றுக்கொடுக்காததைக் கற்றுக்கொடுத்ததாகக் காட்டிப் பேர் வாங்கினால், அதற்கான வலி நம்மை நம்பினவர்கள் மேல்தான் முதலில் விழும்.