கவுன்சிலர் கன்னம் உப்பிய கதை

திருமங்கலத்து கவுன்சிலர் ராஜாங்கம், பிறந்தநாளுக்குத் தன் முகம் போட்ட பெரிய பேனரைத் தன் வீட்டு மாடியிலேயே கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டு ஏசி குளிரவே மாட்டேனென்று அடம்பிடித்தது.

வீட்டுவேலை பார்க்கும் முத்துப்பேச்சி மேல்தான் பாய்ந்தார். "நீ கதவைத் திறந்து போட்டுத்தான் ஏசி கெட்டுச்சு. சாயங்காலம் மாவட்டச் செயலாளர் வர்றாரு. அதுக்குள்ள குளிரணும், இல்ல, உனக்கு வேலை கிடையாது. பேனர் மேல மட்டும் ஒரு விரல் படக் கூடாது!"

முத்துப்பேச்சி மாடிக்குப் போனாள். ஏசியின் வெளிப்பெட்டி பேனருக்குப் பின்னால் மூச்சு முட்டிக் கிடந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"குளிர வச்சிரலாம்ணே. அதுக்கு முன்னாடி தெருவுல நின்னு உங்க படத்தை ஒரு தடவை பாருங்க."

போய்ப் பார்த்தார். பெட்டி ஊதிய சூட்டுக்காற்றில் படத்திலிருந்த அவர் கன்னம் பூசணிக்காயாய் உப்பி உப்பி அடங்கியது. எதிர் டீக்கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"கழட்டு! அதைக் கழட்டு!"

"விரல் படக் கூடாதுன்னீங்களேண்ணே."

அவரே மாடியேறி அறுத்தெறிந்தார். கொஞ்ச நேரத்தில் கூடம் சில்லென்று ஆனது.

"ஏசிக்கு அப்படி என்னதான் கோளாறு?"

"அதுக்கு ஒண்ணுமில்லண்ணே. உங்க மூஞ்சிதான் குறுக்க நின்னுச்சு."