பாறைச் சரிவுக்குப் போன நாய்

ஞானப்பிரகாசம் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்துக்குக் குடிவந்த பிறகு பறவை பார்க்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அதற்கு அவர் குருவாக வரித்துக்கொண்டது துளசிமணியை. அவரைவிட இருபது வயது இளையவள். ஆனால் அந்த மலையில் எந்தப் புதரில் எந்தப் பறவை இருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. அவள் அவரை ஐயா என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

ஐயாவிடம் ஒரு நாய் இருந்தது. பெயர் துரை. சிப்பிப்பாறை இனம், முயல் பிடிக்கவே பிறந்த பரம்பரை. "என் துரை மாதிரி ஒரு நாய் இந்த ஜில்லாவுலயே கிடையாது" என்று அவர் ஆரம்பித்தால் கேட்கிறவன் காதில் ரத்தம் வந்துவிடும்.

அடிவாரத்து மாந்தோப்பு வரை துரை வரலாம். அதற்கு மேலே பாறைச் சரிவுக்கு அனுமதி இல்லை. பங்குனியில் பறவைகள் அங்கேதான் அடைகாக்கும். துரையை ஒரு மாமரத்தில் கட்டிப்போட்டுவிட்டு, துளசிமணியோடு பறவை பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஏறுவார்கள். அது போடும் ஓலம் உச்சி வரைக்கும் கேட்கும்.

"பறவை பாக்கப் போற இடத்துக்கு வேட்டை நாயா?" என்று கூட வருகிறவர்கள் சிரித்தார்கள். ஐயா சரியான வீம்புக்காரர். ஒரு வருஷம் முழுக்கத் துரையைப் பழக்கினார். எதிரே கோழி ஓடும், துரை படுத்திருக்கும். புறா படபடக்கும், துரை படுத்தே இருக்கும்.

அன்று காலை தோப்பில் வைத்துக் கேட்டேவிட்டார்.

"அம்மா, துரை மேல வரலாமா, கூடாதா? கூடாதுன்னா இனிமே நானும் வரல. அவன் இப்படிக் கதறுறதக் கேட்டுக்கிட்டு எனக்கு ஒரு பறவையும் வேண்டாம்."

துளசிமணி மற்றவர்களைத் தோப்பிலேயே இருக்கச் சொன்னாள். மாமரத்துக் கயிற்றை அவிழ்த்தாள்.

"வாங்க" என்றாள்.

சரிவில் ஒரு விதி உண்டு. தரையிலிருந்து பறவை எழும்பினால் யாரும் நின்ற இடத்தைவிட்டு ஓர் எட்டுகூட நகரக் கூடாது. அந்த விதியைப் புதியவர்களுக்கு ஒப்பிக்கிறவரே நம்ம ஐயாதான்.

காற்றில் புங்கம்பூ மணத்தது. துரை முன்னால் போனது. ஐயா கேமராவைப் பிடித்தபடி பின்னால் போனார். ஓர் இடத்தில் துரை சட்டென்று நின்றது. மோப்பம் பிடித்தது. அப்படியே தரையோடு படுத்துவிட்டது.

அதன் மூக்குக்கு முன்னாலிருந்து ஒரு பக்கி எழும்பியது. பகலெல்லாம் சருகோடு சருகாகக் கிடக்கும் பறவை அது. எழும்பியது கொஞ்ச தூரத்திலேயே விழுந்து, ஒரு றெக்கையை இழுத்துக்கொண்டு துடித்தது.

"ஐயையோ, றெக்கை ஒடிஞ்சுபோச்சே!" என்று ஐயா பாய்ந்தார்.

"நில்லுங்க!"

துளசிமணி கத்தி அவர் கேட்டதே இல்லை. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. அவள் அவர் முழங்கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். அவர் மிதிக்கப்போன இடத்தில், வெறுந்தரையில், இரண்டு முட்டைகள் இருந்தன.

யாரும் துரத்தவில்லை என்று தெரிந்ததும் பக்கி துடிப்பதை நிறுத்தியது. இரண்டு றெக்கைகளையும் விரித்து ஜோராகப் பறந்து போனது.

"நடிப்பாம்மா?"

"நடிப்புதான் ஐயா. முட்டைகிட்ட இருந்து நம்மள அந்தப் பக்கம் இழுக்குற நடிப்பு."

"எத்தனை களவாணிப் பயலுக நடிப்பப் பாத்திருக்கேன்! ஒரு குருவிகிட்டயா ஏமாந்தேன்?"

மூவரும் ஒரு பாறைக்குப் பின்னால் போய்க் காத்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. பக்கி திரும்பி வந்து முட்டைமேல் உட்கார்ந்த பிறகுதான் ஐயாவுக்கு மூச்சே வந்தது.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் துரையைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு விம்மியது. மூக்குக்கு முன்னால் ஒரு பறவை துடிக்கிறது. உடம்பு முழுக்க நடுங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது. அப்படியும் தரையைவிட்டு வயிற்றை எடுக்கவில்லையே! அந்த இனத்து நாய்க்கு அது எவ்வளவு பெரிய பாடு என்று வளர்த்தவருக்குத் தெரியாதா? அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"என் ராசா! மானத்தக் காப்பாத்திட்டடா!"

கண்ணில் நீர் கட்டிவிட்டது. துடைக்கக்கூட இல்லை.

தோப்புக்கு இறங்கி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஐயா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தப்பு என் மேலதாம்மா. என் தப்புக்காக அவனக் கட்டிப்போட்டுறாதீங்க. நான் வேணும்னா வீட்டுல இருந்துக்கிறேன். நாளைக்கு அவன் வரலாமா?"

துளசிமணி குனிந்து துரையின் நெற்றியைத் தடவினாள்.

"துரை முன்னாடி நடக்கட்டும் ஐயா. அவன் நின்னா நான் நிக்கிறேன். நான் நின்னா நீங்க நில்லுங்க."